மூன்றாம் வளைவில் பூத்த உப்பு

அத்தியாயம் பதினேழு

சென்ற வாரம் நாம் அந்த வீட்டை விட்டு வெளியே வந்தபோது கார்ச் சாவி மேசையில் கிடந்தது, சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில். ஜப்பார் வைத்த இடம் அது.

"சனிக்கிழமை வெண்டா ஓட்டு. தோத்தா சாவி என்ட கையில. பிறகு இந்த வீட்டுல கார் ஓட்டம் எண்ட கதையே இருக்கப்படாது" என்று மகளிடம் சொல்லிவிட்டுப் படுக்கப் போனார். றைஸா "ஓம் வாப்பா" என்றாள். அவ்வளவு இலேசாக அவள் சம்மதித்ததைத்தான் கமறியா நம்பவில்லை. அவளுக்குத் தன் மகளைத் தெரியும்.

இன்று அந்தச் சனிக்கிழமை.

இன்றைக்குத்தான் இந்தக் கதைக்குள் காலெடுத்து வைக்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஜப்பார் புத்தளம் தில்லையடியில் குடிதண்ணீர் பவுசர், அதாவது தண்ணீர் லொறி, ஓட்டுகிறவர். கமறியா இருபது வருஷம் உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரியவள். மன்னாரிலிருந்து வெறுங்கையோடு வந்து இறங்கிய அவர்களுக்கு, அகதி முகாமின் ஓலைக் கொட்டிலில் பிறந்த ஒரே பிள்ளை றைஸா. இப்போது இருபத்தேழு வயது. அவளிடம் பதினேழு வருஷப் பழைய சிவிக் ஒன்று இருக்கிறது. குட்டைக் கார், வால்பக்கம் வெட்டிவிட்ட மாதிரி இருக்கும். தில்லையடிப் பொடியன்கள் அதற்கு வைத்த பெயர் கழுதை. புத்தளத்தில் கழுதைக்கா பஞ்சம்? பெயர் ஒட்டிக்கொண்டது. றைஸா கோபிக்கவில்லை. "கழுதையும் முன்னுக்கு நிண்டுதானே வண்டிய இழுக்குது, என்ட காரும் முன்சில்லு ரெண்டும் இழுக்கிற கார்தானே" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்தக் கழுதை இன்று ஒரு போர்ஷேயோடு ஓட வேண்டும்.

போர்ஷே சுஜனுடையது. சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து புத்தளத்தில் குடியிருந்த குடும்பத்துப் பிள்ளை. பிறகு மெல்போர்ன் போய், வசதியோடு திரும்பி, கொழும்பில் கார் ஓட்டப் பந்தய அணி ஒன்று வைத்திருக்கிறான். நுரைச்சோலைக்கு அப்பால், களப்பு எனும் கடல்நீர் ஏரியின் ஓரத்தில், நோய் விழுந்து கைவிடப்பட்ட இறால் பண்ணை ஒன்றை வாங்கி, அதன் வரம்புகளின் மேல் தார் போட்டு இரண்டு கிலோமீற்றரில் ஓட்டப்பாதை அமைத்திருக்கிறான். அணியில் ஒரு சாரதிக்கு இடம் இருக்கிறது. நிபந்தனை ஒன்றுதான். அவனும் வந்தவரும் தனித்தனியாக ஐந்து சுற்று ஓட வேண்டும். மணிக்கூடு சொல்லும். அவனை வென்றவருக்கு இடம்.

இதுவரை பதினொரு பேர் வந்தார்கள். பதினொரு பேரும் திரும்பிப் போனார்கள்.

காலை எட்டு மணிக்குப் பயிற்சி ஓட்டம் நடந்தது. களப்பின் மேல் இன்னும் பனிப்புகை இருந்த நேரம். றைஸா ஐந்து சுற்றை முடித்துக்கொண்டு வந்து தலைக்கவசத்தைக் கழற்றியபோது, அவளுடைய மெக்கானிக் தவச்செல்வன் முகத்தைக் காட்டாமல் ரயரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். வன்னியிலிருந்து வந்து தில்லையடிச் சந்தியில் கராஜ் போட்டவன். அவள் காரைத் தன் கையால் இரண்டு தடவை பிரித்துப் பூட்டியவன்.

"எவ்வளவு, தவம் அண்ணன்?"

"ஆறு விநாடி."

"முன்னுக்கா?"

"பின்னுக்கு, தங்கச்சி."

அவள் கார்க் கதவில் சாய்ந்துகொண்டாள்.

"நேர்ப்பாதையில அவன்ர காரைப் பிடிக்க ஏலாது. அதை விடு," என்றான் தவச்செல்வன். "வளைவிலதான் நீ எடுக்கோணும். ஆனா எங்கட காரில திருப்பிறதும் முன்சில்லு, இழுக்கிறதும் முன்சில்லு. ரெண்டு வேலையையும் ஒரே நேரத்தில கேட்டா எந்த மனிசனும் ஒண்டைத்தான் ஒழுங்காச் செய்வான். நீ மூண்டாம் வளைவில ரெண்டையும் கேக்கிறாய். அதுதான் மூக்கு வெளியால போகுது."

மூன்றாம் வளைவுதான் பொல்லாதது. நேர்ப்பாதையில் பறந்து வந்து சட்டென்று இடது பக்கம் ஒடிக்க வேண்டும். ஒடிக்காவிட்டால் வெளிப்பக்கத்தில் பழைய இறால் குளம், ஓராள் ஆழம்.

"அவன் எப்படி எடுக்கிறான்?"

"அவன்ர கார் பின்னால இருந்து தள்ளுது. முன்சில்லுக்குத் திருப்பிற வேலை மட்டும்தான். ராசா மாதிரிப் போறான்."

ஒரு விஷயத்தை இங்கே ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஓட்டப்பாதையில் தூசி கிளம்பாமல் தண்ணீர் தெளிக்கச் சுஜனின் ஆட்கள் பிடித்திருந்த பவுசர் யாருடையது தெரியுமா? ஜப்பாருடையதுதான். மகள் தோற்க வேண்டும் என்று விடியற்கால சுபஹ் தொழுகையில் இறைவனிடம் துஆ கேட்ட மனிதர், மகள் ஓடப் போகும் பாதைக்குத் தாமே தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். "வேலை வேற, வீடு வேற" என்பது அவர் கொள்கை. விடியற்காலையில் ஒரு தடவையும், பயிற்சி முடிந்து பத்தரை மணிக்கு இன்னொரு தடவையும் தெளித்தார். காற்று மண்ணைக் கொண்டுவந்து கொட்டுகிற இடம் என்று மூன்றாம் வளைவுக்கு மட்டும் இரட்டிப்பாக ஊற்றினார்.

அதற்குப் பிறகு பாதைக்கு யாரும் போகவில்லை. வெயில் ஏறியது.

*

கமறியா சோற்றுப் பார்சல்களோடு பெரிய தெருவில் பஸ்ஸால் இறங்கியபோது நண்பகல் லுஹர் தொழுகை நேரம் கடந்திருந்தது. தலவில தேவாலயத் திருவிழாவுக்குப் போகும் பஸ்கள், கூரையில் பாயும் சட்டியும் கட்டிக்கொண்டு, பாட்டோடு போய்க்கொண்டிருந்தன. தெருவைச் சுற்றிப் போனால் தூரம் என்று அவள் இறால் குளத்து வரம்பால் குறுக்கே நடந்தாள்.

அந்த நேரத்தில் களப்பு களப்பாக இருப்பதில்லை. வெயிலில் தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தரையில் கால் ஊன்றாமல் அந்தரத்தில் நின்றது. மின்சாரக் காற்றாடிகள் தூக்கம் வந்த பிள்ளைகளைப் போல மெல்லத் தலை சுற்றின. வரம்பில் மூன்று கழுதைகள் எதற்கோ காத்திருப்பவை போல நின்றன. கமறியாவுக்கு இருபது வருஷம் இந்த வெளிச்சத்துக்குள்ளேயே வேலை. இதற்குள் நடக்கும்போது அவளுக்கு எப்போதும் ஒரு மயக்கம் வரும். தான் நடக்கவில்லை, யாரோ கனவில் தன்னை நடத்திக்கொண்டு போகிறார்கள் என்று தோன்றும். அந்த மயக்கம் அவளுக்குப் பிடிக்கும். யாரிடமும் சொன்னதில்லை.

வரம்பிலிருந்து தாருக்கு ஏறினாள். மூன்றாம் வளைவு.

நாலு அடி வைத்தாள். செருப்புக்கு அடியில் ஏதோ நொறுங்கியது.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். காது கேட்பதற்கு முன்னால் காலுக்குத் தெரிந்துவிட்டது. குனிந்து தாரைத் தடவினாள். விரலில் வெள்ளையாக ஒட்டியது. நாக்கில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்து வளைவின் முழு நீளத்தையும் பார்த்தாள். கொழும்புக்காரரின் கண்ணுக்கு அது வெயில் பளபளப்பு. மிஞ்சிப்போனால் தூசி. கமறியாவின் கண்ணுக்கு அது உப்புப் பாத்தி. தண்ணீர் வற்றி, முதல் பூ விழுந்த பாத்தி.

"அல்லாஹ்வே, இந்த மனிசன் என்ன வேலை பார்த்து வச்சிருக்கு" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

சோற்றுப் பார்சல்களோடு அந்த வயதில் அவள் ஓடினாள்.

*

பவுசரின் நிழலில் ஜப்பார் துண்டை விரித்துப் படுத்திருந்தார். றைஸா பக்கத்தில் குந்தியிருந்து கையுறையைப் போட்டுக்கொண்டிருந்தாள். தவச்செல்வன் நின்றுகொண்டு தண்ணீர் குடித்தான். அந்தப் பக்கத்தில் போர்ஷேயின் எஞ்சின் உறுமியது. முதலில் ஓடப் போவது சுஜன். அவன் காருக்குள் ஏறி வார் பூட்டிக்கொண்டிருந்தான்.

"எங்கால தண்ணி எடுத்தீங்க?" கமறியா வந்த வேகத்தில் கேட்டாள்.

ஜப்பார் எழுந்து உட்கார்ந்தார். "என்ன?"

"ரோட்டுக்கு ஊத்தின தண்ணி எங்கால எடுத்தீங்க எண்டு கேக்கிறன்."

ஜப்பார் துண்டை மடித்தார். மடித்த துண்டை இன்னொரு தடவை மடித்தார்.

"களப்பில."

"கிணத்துல எடுக்கச் சொல்லித்தானே அவங்க சொன்னாங்க?"

"சொன்னாங்க. அவங்களுக்கென்ன! நல்ல தண்ணிய, மனிசர் குடிக்கிற தண்ணிய, நாலு கார் ஓடுற ரோட்டுல ஊத்து எண்டா நான் ஊத்துவனா? பாவமில்லையா?" அவர் குரல் உயர்ந்தது. "முகாமில வீட்டுக்கு ஒரு வாளி. உனக்கு மறந்து போச்சா? இவள் கைக்குழந்தை. நீ வரிசையில நிண்டு மயங்கி விழுந்தாய். நான் பவுசர் ஓட்டப் பழகினதே அதுக்குப் பிறகுதான். அந்தக் கையால நல்ல தண்ணிய ரோட்டுல ஊத்தமாட்டன். தூசி அடங்க எந்தத் தண்ணியா இருந்தா என்ன?"

கமறியா வெள்ளை ஒட்டிய விரலை அவர் முன்னால் நீட்டினாள்.

ஜப்பார் அந்த விரலைப் பார்த்தார். அவர் பவுசர்காரர், உப்பளக்காரர் அல்ல. ஆனாலும் விளங்கியது. முகம் செத்துப் போனது.

தவச்செல்வன் வளைவின் பக்கம் ஓடிப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். மூச்சு வாங்கியபடி றைஸாவை ஒதுக்குப்புறமாக அழைத்தான்.

"தங்கச்சி, சத்தம் போடாத. சீனியைக் கொட்டி அதுக்கு மேல நடக்கிற மாதிரிக் கிடக்கு. முதல் ஓடுறது அவன். பின்னால இருந்து தள்ளுற காருக்கு இது பொல்லாத வினை. மிதிச்சானெண்டா வால் சுத்திப் போடும். உன்ர கார் முன்னால இழுக்கிறது. மெதுவாப் போனா நீ இழுத்துக்கொண்டு வெளிய வந்திடுவாய்." அவன் குரல் இன்னும் இறங்கியது. "சும்மா நிண்டாலே நீ வெண்ட மாதிரி."

றைஸா கையுறையைக் கழற்றினாள்.

அவள் என்ன நினைத்தாள்? இந்தத் தொடரை முதலிலிருந்து வாசித்து வருகிறவர்களுக்குத் தெரியும், அவள் எத்தனை இரவு இந்த ஓட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஓடியிருக்கிறாள் என்று. இருபத்தேழு வருஷத்தில் அவள் தனக்கென்று ஆசைப்பட்ட ஒரே ஒரு சாமான் அந்தக் காரின் திருப்புவளையம். அதைக் கைவிடாமல் இருக்க அவள் இப்போது செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும்.

இறால் குளத்தின் தண்ணீர் பச்சையாக, அசையாமல் கிடந்தது.

"அண்ணன், அவர் குளத்துக்குள்ள போனா?"

தவச்செல்வன் தலையைக் குனிந்துகொண்டான். கெட்டவன் இல்லை. அவளுக்காக ஆசைப்பட்டவன், அவ்வளவுதான்.

றைஸா போர்ஷேயை நோக்கி நடந்தாள். பத்து அடி போயிருப்பாள். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ஜப்பார் அவளைக் கடந்து முன்னால் போனார்.

"நில்லு புள்ள. என்ட தண்ணி. நான் சொல்றன்."

பாருங்கள் விதியின் கூத்தை. வாயைத் திறக்காமல் விட்டால் மகள் வெல்வாள், அவர் வாக்குத் தோற்கும். திறந்தால் மகள் தோற்பாள், ஆனால் மானம் அவருடையது போகும். அந்த மனிதர் இரண்டையும் எடை போட்ட மாதிரித் தெரியவில்லை. நேரே போய்ப் போர்ஷேயின் கண்ணாடியில் தட்டினார்.

"தம்பி, எஞ்சின நிப்பாட்டுங்க. நான் ஒரு பிழை விட்டுட்டன்."

சுஜன் இறங்கி வந்து, வளைவில் முழங்காலில் இருந்து, தாரைத் தடவிப் பார்த்தான். வெகு நேரம் எழும்பவில்லை. அவனுடைய ஆட்களில் ஒருவன், தொப்பியைப் பின்பக்கமாகப் போட்டவன், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்: "வேணுமெண்டுதான் ஊத்தினவர். ஓடுறது மகள் எல்லோ."

ஜப்பாரின் தாடை இறுகியது. பிழை விட்டவருக்கு வாய் எங்கே? றைஸாவுக்குத்தான் நெஞ்சு எரிந்தது. தன் வாப்பாவை ஒருவன் அப்படிச் சொல்லிக் கேட்டு அவள் பழகியதில்லை.

சுஜன் எழும்பிக் கையைத் தட்டினான். "கழுவலாமோ, நானா?" என்று ஜப்பாரை அண்ணன் முறை வைத்துக் கேட்டான்.

"நல்ல தண்ணியில கழுவலாம்," என்றார் ஜப்பார். "கொண்டுவாறன்."

*

தண்ணீர் வருவதற்குள் கமறியா அங்கே மேஸ்திரியாகிவிட்டாள்.

"முதல்ல கூட்டோணும். கூட்டாமத் தண்ணி ஊத்தினா கரைஞ்சு கிடந்து திரும்பவும் பூக்கும். என்ன தம்பிமாரே பார்த்துக்கொண்டு நிக்கிறீங்க? ஈர்க்குமாறு இல்லையா இங்க?"

பேர் அச்சடித்த சட்டை போட்ட கொழும்புப் பொடியன்கள் வரிசையாக நின்று ஈர்க்குமாற்றால் தாரைக் கூட்டினார்கள். தொப்பியைத் திருப்பிப் போட்டவனுக்குக் கமறியா வேண்டுமென்றே வெயில் பக்கத்தைக் கொடுத்தாள். வேண்டுமென்றே என்று நான் சொல்கிறேன். அவளைக் கேட்டால் இல்லை என்பாள்.

றைஸாவும் கூட்டினாள். ஓட்ட உடுப்போடு, குனிந்து, வளைவின் உள்ளோரத்திலிருந்து வெளியோரம் வரை. காலையில் காரில் ஐந்து தடவை கடந்த இடம். காலால் ஒரு தடவையும் கடந்ததில்லை. கூட்டக் கூட்ட அந்த வளைவு அவளுக்கு மெல்ல மெல்ல வாய் திறந்தது. உள்ளோரத்தில் தார் கிண்ணம் போலக் கொஞ்சம் குழிந்திருக்கிறது. அங்கே காரை இருத்தினால் அதுவே பிடித்துக்கொள்ளும். நடுவில் பழைய மதகு ஒன்றின் மேடு, உள்ளங்காலுக்கு மட்டும் தெரிகிற உயரம். காலையில் மூக்கு வெளியே போனது அந்த மேட்டில்தான். அதற்கு முன்னால் திருப்பி முடித்துவிட்டு, அதற்குப் பின்னால் இழுக்க வேண்டும். இரண்டு வேலையையும் ஒரே நேரத்தில் கேட்கக் கூடாது.

காற்று வீசியது. உப்பு வெள்ளைத் தூளாக எழுந்து குளத்தின் மேல் போனது. ஒரு கணம் சுற்றிவர எல்லாம் வெள்ளையாகி, அதற்குள் உம்மா மட்டும் ஈர்க்குமாற்றோடு நின்றாள். இதை எப்போதோ பார்த்திருக்கிறேன் என்று றைஸாவுக்குத் தோன்றியது. சின்ன வயதில் உப்பளத்து வரம்பில் சாக்கு விரித்து இருத்தப்பட்டிருந்த காலமாக இருக்கும்.

பவுசர் வந்தது. தாங்கியை அலசி நிரப்பிய, நுரைச்சோலைத் தோட்டத்துக் கிணற்று நீர். குடித்தால் இனிக்கும். ஜப்பார் வால்வைத் திறந்தார். தண்ணீர் தாரில் பரந்து, உப்பைத் தள்ளிக்கொண்டு, வரம்பால் வழிந்து போனது. அவர் அதைப் பார்க்கவில்லை. புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றார். உதடு மட்டும் அசைந்தது.

பாதை முழுதும் காய்ந்தபோது மாலை அஸர் தொழுதாகிவிட்டது.

*

சுஜன் ஓடினான். ஐந்து நிமிடம், நாற்பத்தொரு விநாடி. காலையில் ஓடியதைவிட நல்ல ஓட்டம். ராசா மாதிரித்தான் போனான்.

றைஸா பிஸ்மி சொல்லிக் கியரைப் போட்டாள்.

முதல் சுற்றில் அவள் அவசரப்படவில்லை. முன்ரயர் இரண்டும்தான் அவளுடைய கைமுதல். அதை ஐந்து சுற்றுக்கும் பிரித்துச் சாப்பிட வேண்டும். மூன்றாம் வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்து, காலை எடுத்தாள். காரின் வால் தானாகச் சற்று வெளியே வந்தது. பின்சில்லு ஒன்று நாய் காலைத் தூக்கியது போல நிலத்தை விட்டு எழும்பியது. கிண்ணத்துக்குள் கார் இருந்தது. மேடு கழிந்தது. இப்போது இழு, என்றாள். கழுதை இழுத்தது.

இரண்டாம் சுற்றில் சத்தம் நின்றுவிட்டது. எஞ்சின் கத்திக்கொண்டுதான் இருந்தது. அவளுக்குக் கேட்கவில்லை. புகைபோக்கி வந்தது, போனது. காற்றாடி வந்தது, போனது. கழுதைகள் மூன்றும் தலையைத் திருப்பின. எல்லாம் மெதுவாக நடந்தன. மணிக்கூடு மட்டும் எங்கோ தொலைவில் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. இப்படியே போய்க்கொண்டிருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள்.

மூன்றாம் சுற்று முடிவில் தவச்செல்வன் மணிக்கூட்டைக் கமறியாவிடம் நீட்டினான். "உம்மா, முன்னுக்கு நிக்கிறாள். அரை விநாடி முன்னுக்கு."

ஜப்பார் பவுசரின் படியில் ஏறி நின்றார். நன்றாகத் தெரியட்டும் என்றுதானே?

நாலாம் சுற்றில் முன்ரயர் களைத்தது. திருப்புவளையம் இலேசாகிவிட்டது கைக்குத் தெரிந்தது. சொன்ன இடத்துக்குக் கார் வர மறுத்தது. அவள் கெஞ்சினாள், மிரட்டினாள், காலை இன்னும் முன்னதாக எடுத்தாள். கடைசிச் சுற்றில் நேர்ப்பாதை முழுதும் மிதித்த கால் மிதித்தபடி வந்தாள். வெறும் நேர்ப்பாதையில் பழைய சிவிக் என்ன செய்யும்? அதால் முடிந்ததையெல்லாம் செய்தது.

மணிக்கூடு நின்றது. ஐந்து நிமிடம், நாற்பத்தொன்றரை விநாடி.

அரை விநாடி. ஒரு தடவை கண்ணை மூடித் திறக்கிற நேரம்.

றைஸா இறங்கினாள். சுஜனைப் பார்க்கவில்லை. தவச்செல்வனைப் பார்க்கவில்லை. நேரே பவுசருக்குப் போய், சாவியை வாப்பாவின் கையில் வைத்தாள். அவர் விரல்களைத் தானே மடக்கிவிட்டாள்.

"சொன்ன சொல்லு, வாப்பா."

ஜப்பார் சாவியைச் சட்டைப் பையில் போட்டார். வென்றவர் அவர்தான். ஆனால் வென்ற மனிதரின் முகம் அப்படி இருக்காது.

சுஜன் அவர்களிடம் வந்தான். சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

"நானா, நாளைக்குப் பத்து மணிக்கு உங்கட வீட்டை வாறன். கதைக்கோணும்."

"என்னோடயா, மகளோடயா?"

"உங்களோட," என்றான். தொப்பிக்காரன் அவன் காதில் ஏதோ சொன்னான். இருவரும் போய்விட்டார்கள்.

*

தில்லையடியில் மஃரிப் தொழுகை முடிந்து ஆட்கள் பள்ளியிலிருந்து வெளியே வந்தபோதும் மேற்கில் வெளிச்சம் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. சிவிக் வேலியோரம் நின்றது. தவச்செல்வன் கொண்டுவந்து விட்டுவிட்டு, சாவியை ஜப்பாரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். றைஸா வாசற்படியில் இருந்தாள். அவள் முகத்தில் இன்னும் உப்பு இருந்தது. கழுவ மனம் வரவில்லை.

பவுசரில் இரண்டு மூன்று பீப்பாய்த் தண்ணீர் மிஞ்சியிருந்தது. கமறியா குடங்களை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இத எங்கட தொட்டிக்கு விடுங்க. நாளைக்குச் சோறாக்கத் தண்ணி இல்ல. வீட்டுக்கு வேற ஆள் வருது."

ஜப்பார் குழாயை இழுத்துக்கொண்டு தொட்டியைக் கடந்து போனார். வேலியோரம் போனார். சிவிக்கின் பக்கத்தில் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு மண்ணில் மல்லாந்து படுத்தார். குழாய் நீரைக் காருக்கு அடியில் பீச்சினார்.

றைஸா எழுந்து ஓடிப் போனாள்.

"வாப்பா, அது நல்ல தண்ணி!"

"எனக்குத் தெரியாதா?" காருக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "நாள் முழுக்க உப்புக்குள்ள ஓடின சாமான். ஒரு கிழமை விட்டா அடி இரும்பெல்லாம் தின்னுடும்."

கமறியா குடத்தை இடுப்பிலிருந்து மெல்ல இறக்கிக் கீழே வைத்தாள்.

றைஸாவுக்கு நாள் முழுக்க வராத அழுகை இப்போது வந்தது. "இனி ஓடாத காருக்குத் துரு பிடிச்சா என்ன, வாப்பா?"

காருக்கு அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நனைந்த கை ஒன்று வெளியே வந்து டோச் லைட்டை நீட்டியது.

"இதப் பிடி புள்ள. முன்சில்லுப் பக்கம் தெரியுதில்ல."

அவள் மண்ணில் முழங்காலிட்டு வெளிச்சத்தைப் பிடித்தாள். சாவி அவருடைய சட்டைப் பையில்தான் இருந்தது.